குறைந்த சத்தத்தில் பேச்சுக் கேட்கிற பெட்டி

சேகர்,

இதை யாழினி பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து படி. வேலை செய்கிற இடத்தில் பிரிக்காதே. போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, அப்பால பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். ஐந்தாவதோடு நின்ற எழுத்து என்னுடையது, கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்தை நடுவில் நிறுத்திவிட்டு நீ போக முடியாது. மூன்று ஸ்பீக்கர் படம் அனுப்பி, "மைக்செட்காரன் பொண்டாட்டி நீ, உனக்குத் தெரியாததா? கையில கம்மியாதான் கீது, டிவிக்கும் ஆவணும், பாட்டுக்கும் ஆவணும், எது வாங்கலாம் சொல்லு" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் உன் காதைப் பற்றியும், உன் பெண்டாட்டி தேவி செத்துப்போன அன்றைய தினத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உனக்கு வலிக்கும். வலிக்காமல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அவள் போனதிலிருந்து உன் மகள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் பதில் வருகிறது. வாசற்படி ஏறினால் வாய் மூடிக்கொள்கிறது. ஏழு வயதுக் குழந்தை, பசித்தால் தட்டைக் கொண்டுவந்து காட்டுகிறது. நீ அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் பெட்டி வாங்கப் பார்க்கிறாய், எனக்குத் தெரியும். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் டிவியைப் போடுகிறாய். அதன் சத்தமும் உனக்குப் போதவில்லை. அதனால் இந்தக் கடிதம் ஸ்பீக்கர் பற்றியதுதான், யாழினி மறுபடியும் உன்னிடம் பேசுவாளா மாட்டாளா என்பது பற்றியதும்தான். இரண்டையும் பிரிக்க முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சத்தத்தோடு குடித்தனம் செய்தவள் நான். மந்தவெளிப் பக்கம் கால்வாய் ஓரத்தில் நம் வீட்டில் நாம் படுக்க இடம் இருந்ததோ இல்லையோ, உன் அப்பாவின் பெட்டிகளுக்கு இடம் இருந்தது. மைக்செட் தொழிலில் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி, சாவுக்கு ஒரு பெட்டி என்று கிடையாது. காலையில் பிணம் எடுக்கிற வீட்டில் அழுத பெட்டிதான் சாயந்திரம் மஞ்சள் நீராட்டு விழாவில் ஆடும். நடுவில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த வேலை என்னுடையது. உன் அத்தை சரோஜாவின் பெண் கல்யாணத்தன்று உன் அப்பா சாவு வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போய்விட்டார், வீட்டுக்கு வரவே இல்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பெண் தாலி அறுத்து வந்தாள். குடித்துக் குடித்துக் குடல் வெந்து செத்தான் அவள் புருஷன். ஊருக்கே தெரியும். சரோஜா மட்டும் பெட்டியின் மேல் பழி போட்டாள், பெட்டியிலிருந்து என் மேல் போட்டாள். "தண்ணி தெளிக்க வேண்டியவ தூங்கிகினு இருந்தா, எம் பொண்ணு பொட்டு பூட்ச்சு" என்று தெருக்குழாயில் நின்று சொன்னாள். அன்று அவள் பிடித்திருந்த குடம் பச்சைப் பிளாஸ்டிக் குடம், விளிம்பில் விரிசல். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

உன் காதையும் மறக்கவில்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றுகிற அன்று, அம்மன் கோயில் வாசலில் சின்னப் பையன் நீ ஏதோ ஒயரை மாற்றிச் சொருகி, மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் புகைந்து போனது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க உன் அப்பா உன் இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தார். நீ அழவில்லை. "இன்னாபா சொல்ற, கேக்கல" என்றாய். அதற்கு இன்னொன்று விழுந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபோது தலையணை உறையில் ரத்தம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "ராத்திரி கும்பச் சோறு கொட்டி முடியற வரைக்கும் பாட்டு ஓடணும், உன் புள்ள காதுக்கு இன்னா அவசரம்?" என்றார். அதற்குள் சரோஜா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்துவிட்டாள். கிழிந்த காதில் எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். "நாலு புள்ள வளத்தவளுக்கு நீ சொல்லித் தரியா?" என்று என்னைத் தள்ளிவிட்டு ஊற்றினாள். வாரக்கணக்கில் சீழ் வடிந்தது. அதோடு அந்தக் காது செத்தது. உன் அப்பா செத்தபோது ஊர் மெச்ச அழுதேன். ஆனால் அந்த அழுகையில் இந்தக் கணக்கை மட்டும் கழித்துக்கொள்ளவில்லை.

பெண் பார்க்கப் போனபோதும் சரோஜாதான் முன்னால் நின்றாள். "காது விசயம் வெளிய வந்துச்சு, எவனும் பொண்ணு தரமாட்டான்" என்று சொல்லி, பெண் வீட்டார் எல்லோரும் உன் வலப்பக்கம் வருகிற மாதிரி உன்னைச் சுவரோரமாக உட்கார வைத்தாள். அன்றிலிருந்து அது உனக்குப் பழக்கமாகிவிட்டது. வேலையில் சொல்லவில்லை. கூட்டாளிகளிடம் சொல்லவில்லை. நீ ரிப்பேர் பார்க்கிற ஏசி மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை என்பதால் அங்கே தப்பித்துக்கொண்டாய். தேவி மட்டும் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்தாள். என்னிடம் வந்து, "ஏன் அத்தை, இதப் போயா மறைச்சீங்க? நான் இன்னா ஓடியா பூடுவேன்?" என்று சிரித்தாள். அதன் பிறகு கவனித்திருக்கிறேன். தெருவில் போனாலும் கடையில் நின்றாலும் அவள் உன் வலப்பக்கமாகவே வருவாள். பஸ்ஸில் இடம் மாறி உட்காருவாள். யாராவது உன் இடப்பக்கத்திலிருந்து பேசினால், தனக்குச் சொன்னது போல அதைத் திருப்பிச் சொல்லி உன் காதில் போடுவாள். வெளியே யாருக்கும் தெரியாது. யாழினிக்கும் தெரியாது. "புள்ளைக்குத் தெரிய வேணாம் அத்தை, வெளில உளறிடும்" என்று அவளே சொன்னாள். இன்று வரை உன் மகளுக்கு அவள் அப்பாவுக்கு ஒரு காது கேட்காது என்று யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தை இரண்டு தரம் படி.

தேவி விழுந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். குளியலறையில் விழுந்தாள், தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீ கேட்டதற்கு அவர் உன் தோளைத் தட்டினாரே தவிர ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ ஒரே வாக்கியத்தைச் சொன்னாய்: "ஒரு சத்தம்கூடப் போடல. கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பேனே." நீ அதைச் சொல்லும்போதெல்லாம் யாழினி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவை நினைத்துத்தான் என்று அன்று எண்ணினேன். சரோஜா வந்து, "சாவு ஊட்டுப் பொட்டி பாவம், இப்ப உன் புள்ள ஊட்டுக்கு வந்துட்ச்சு பாத்தியா" என்று என் காதோரம் சொன்னாள். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். சரோஜா சாவுக்கு நான் போகமாட்டேன், அதுதான் என் பதில்.

போன மாதம் உங்களோடு வந்து தங்கியிருந்தபோது தி. நகருக்கு ஸ்பீக்கர் பார்க்கப் போனோமே, அங்கேதான் எனக்கு முதலில் உறைத்தது. அந்தக் கடைப் பையன் குட்டிப் பெட்டி ஐந்தும், தரையில் வைக்கிற பெரிய ஊஃபர் ஒன்றுமாக அடுக்கி வைத்து ஒரு குத்துப் பாட்டைப் போட்டான். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணு நைனா" என்றேன். "பாட்டி, இது கம்மியா கேக்கறதுக்கு வாங்கற சாமானா? அப்ப ரேடியோ போதுமே" என்றான். நீ சிரித்தாய். தேவி போன பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன், அதனால் நானும் சும்மா இருந்தேன். "பாட்டு வேணாம்பா, நியூஸ் வாசிக்கறது எதனா போடு" என்றேன். "நியூஸுக்கு ஊஃபரா? நல்லா வருவ பாட்டி நீ" என்று இன்னும் கூட்டி வைத்தான். அப்போது என் புடவையைப் பிடித்திருந்த கை இறுகியது. குனிந்து பார்த்தேன். யாழினியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாட்டைப் பாடவில்லை. பேசினாள். பாட்டு நின்றது, உதடும் நின்றது. நீ ஊஃபரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தேன். டிவி சத்தமாக ஓடினால் பேசுகிறாள். குறைத்தால் நிறுத்திவிடுகிறாள். எங்கே நின்று தெரியுமா? ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், குளியலறைக்குப் போகிற வழி திறக்கிற இடத்தில். வீட்டில் வேறு எங்கும் இல்லை. நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவளுக்கு லீவு, நான் வேண்டுமென்றே சீரியலை அலறவிட்டு, அரிசி களைவது போல அடுப்படிச் சுவருக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். மைக்செட் வீட்டில் இருந்த காது, இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்து எடுக்க அதற்குத் தெரியும். நீ உட்காருகிற சோபா காலியாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்பா, அம்மா கூப்புடுறாங்க." கொஞ்சம் பொறுத்து, "அப்பா. அம்மா கூப்புடுறாங்கப்பா." பிறகு மறுபடியும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, பதில் வருமா என்று பார்க்கிற மாதிரி கொஞ்சம் நிற்கிறாள். என் கையிலிருந்த பாத்திரம் தொட்டியில் விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினாள். வாய் மூடிக்கொண்டது.

சேகர், தேவி கூப்பிட்டிருக்கிறாள். குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. அது ஓடிவந்து உன்னிடம் சொல்லியிருக்கிறது. உனக்குக் கேட்கவில்லை. நீ டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் குளியலறை வழி உனக்கு இடப்பக்கம். அவள் வந்து நின்றது உன் அப்பா அடித்த பக்கம், சரோஜா எண்ணெய் ஊற்றிய பக்கம். வலப்பக்கமாக வந்து சொல்லக் கற்றுக்கொண்டிருந்த ஒருத்தி உள்ளே விழுந்து கிடந்தாள். குழந்தை இப்போது திருப்பித் திருப்பிச் சொல்வதில் நடுவில் உன் பதில் ஒன்றும் இல்லை. "இரு பாப்பா" என்றுகூட இல்லை. அதை வைத்துத்தான் உனக்குக் கேட்கவே இல்லை என்று நிச்சயமாகச் சொல்கிறேன். கேட்டும் நீ எழுந்திருக்கவில்லை என்று ஒரு நிமிடமும் நான் நினைக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தான் மெதுவாகச் சொன்னதால்தான் அம்மா போனாள் என்று நினைக்கிறாளா, இல்லை அப்பா கேட்டும் போகவில்லை என்று நினைக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது இருந்தாலும் அந்தப் பாரம் ஏழு வயதுக்கு ஆகாது. அதற்கு மேல் நீ வந்தவர்களிடமெல்லாம் "சத்தமே போடல" என்கிறாய், அதையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப் போகலாமா என்றும் யோசித்தேன். சொன்னால் நீ உடைந்து போவாய். சொல்லாவிட்டால் அவள் ஆயுசு முழுக்க அந்த ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். நீ வளர்ந்தவன், நீ உடைந்தால் நான் பொறுக்கி எடுக்கலாம். அதனால் எழுதுகிறேன். ஒரு அறை என்றுதான் இத்தனை வருடம் உன் அப்பாவின் மேல் வஞ்சம் வைத்திருந்தேன். அந்த அறையின் முழு நீளம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். அந்த ஐந்து பெட்டியும் ஊஃபரும் வேண்டாம். ஊஃபர் சத்தம் தரையோடு ஓடும், கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அதைவிட, பேசுகிற குரல்கள் எல்லாம் அதற்கு அடியில் புதைந்துவிடும். டிவிக்குக் கீழே வைக்கிற அந்த நீளக் கட்டை பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நீ அனுப்பிய படத்தில் அதன் மேல் திருகுகிற குமிழ் இல்லை, எல்லாம் ரிமோட். மூன்றாவது படத்தில் இருக்கிற இரண்டு சாதாரண மரப்பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்கிறாயே, அதுதான் உனக்கு. டிவியையும் அதில் சொருகலாம், போன் பாட்டையும் போடலாம், இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. குமிழ் முன்பக்கம் இருக்கிறது, யாழினி கைக்கு எட்டும்படி வை. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள் கையில் இருக்கட்டும். எந்தப் பெட்டியும் கூட்டி வைத்தால் கத்தும், அதில் பெருமை இல்லை. குறைத்து வைத்தும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறதா என்று உன் அப்பா பார்ப்பார். தொழில் தெரிந்த மனிதர்தான். அதை மட்டும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பெட்டிகளைத் தரையில் வைக்காதே, மூலையில் முட்டுக் கொடுக்காதே, இரைச்சல் கூடும். உட்கார்ந்தால் காதுக்கு நேராக வருகிற உயரத்தில், சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வை. அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்று. ஒயர் கொஞ்சம் நீளமாக வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சோபாவையும் திருப்பிப் போடு. அப்போது குளியலறை வழி உனக்கு வலப்பக்கம் வரும். கடைக்காரன் இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தால்தான் ஸ்டீரியோ என்பான். உனக்கு எங்கே உட்கார்ந்தாலும் பாதிதான். நீ அந்த வழிக்குப் பக்கத்திலிருக்கிற ஓரத்தில் உட்கார். பாட்டை அடியோடு நிறுத்திவிடாதே, நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். அவளுக்கு மறைந்து நிற்க ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வா, அவள் கூட்டினால் விட்டுவிடு. அவளை மறைக்கவும் வேண்டும், உன் நல்ல காதில் அவள் விழவும் வேண்டும். அந்த அளவு எது என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

ஒரு நாள் கேட்கும். துள்ளி எழுந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்காதே, பயந்துவிடுவாள். "கேட்டுச்சு பாப்பா" என்று சொல். அவள் எத்தனை தடவை சொன்னாலும் அத்தனைக்கும் சொல். பிறகு அவள் கையை எடுத்து உன் இடது காதின் மேல் வை. இது கேட்காது என்று உன் வாயால் சொல். நீ சரியாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் கேட்கவில்லை என்று சொல். அவள் நம்புவாளா என்று எனக்குத் தெரியாது. உன்னை மன்னிப்பாளா என்றும் தெரியாது. நம் குடும்பத்தில் யாருக்கும் அது சுலபமாக வந்ததில்லை, அவள் உடம்பில் ஓடுவதும் என் ரத்தம்தான்.

கடைக்குத் தனியாகப் போகாதே. வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், யாழினி பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் போய்விட்டு வருவோம். அந்த இரண்டு பெட்டியையும் போடச் சொல். பாட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்காதே. நான் உன் வலப்பக்கம் நான்கடி தள்ளி, அவள் நிற்கிற தூரத்தில் நின்று, அவள் சொல்கிற மாதிரியே மெதுவாக அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். கடைப் பையன் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். பாட்டு ஓடும்போதே அது உனக்குக் கேட்டால், பெட்டியைக் கட்டித் தரச் சொல். கேட்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவோம், அங்கேயும் நின்று சொல்கிறேன்.

அம்மா